ஹான் காங்கை எங்கிருந்து தொடங்குவது?

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கைப் படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் 'தி வெஜிடேரியன்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த அவருடைய முதல் நாவல் அது. 2016இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு வாங்கியது. இருநூறு பக்கம்கூட இல்லை, சட்டென்று முடித்துவிடலாம். என்னைக் கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். முதலில் 'ஹியூமன் ஆக்ட்ஸ்' படியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நாவல் வாசிக்கும்போதும் அந்தக் கண் கூடவே வந்துவிடுகிறது. கதையில் ஒருவர் நோயில் விழுந்தாலோ இறந்தாலோ, எழுதியவருக்கு அந்த அறை தெரியுமா தெரியாதா என்று சில வரிகளிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பெரும்பாலான நாவல்களில் ஒருவர் கண்ணை மூடுவார், அழுகைச் சத்தம் கேட்கும், அடுத்த அத்தியாயம் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த உடம்பை யார் துடைக்கிறார்கள், யார் தூக்குகிறார்கள், யார் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. ஹான் காங் அந்த இடத்தில்தான் கதையையே ஆரம்பிக்கிறார்.

2024 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். இலக்கியத்துக்கான நோபல் பெற்ற முதல் கொரியர், ஆசியப் பெண்களில் முதலாமவர் என்று செய்தி வந்தது. என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி அந்த வாரமே 'ஹியூமன் ஆக்ட்ஸ்' வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "நம்ம வேலையப் பத்தி எழுதியிருக்காங்க, படிச்சுப் பாரு" என்றாள். பின்னட்டையில் ராணுவம், மாணவர் எழுச்சி என்றெல்லாம் போட்டிருந்தது. நம் வேலை இதில் எங்கே வருகிறது என்று யோசித்துக்கொண்டே திறந்தேன்.

1980 மே மாதம், தென்கொரியாவின் குவாங்ஜு நகரம். ராணுவம் கொன்றுபோட்டவர்களின் உடல்களை ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். டோங்-ஹோ என்று ஒரு பையன், இன்னும் நடுநிலைப் பள்ளியைத் தாண்டாதவன், காணாமல்போன நண்பனைத் தேடிக்கொண்டு வருகிறான். அங்கே ஆள் போதவில்லை. யுன்-சூக் என்ற பள்ளி மாணவியும் சியோன்-ஜு என்ற தையல்கடைப் பெண்ணும் ஈரத் துணியால் ரத்தம் உறைந்த முகங்களைத் துடைத்து, தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பையன் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுக்கிறார்கள். ஆணா பெண்ணா, வயது சுமாராக எத்தனை இருக்கும், என்ன உடை, என்ன செருப்பு. எழுதி, எண் போட்டு, அதே எண்ணை ஒரு தாளில் எழுதி நெஞ்சுமேல் குத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணியால் மூட வேண்டும். யாராவது உறவினர் தேடி வந்தால் துணியை விலக்கிக் காட்ட வேண்டும். நாற்றத்துக்காகத் தலைமாட்டில் காலி பானப் புட்டிகளில் மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறார்கள்.

எங்கள் பிரிவில் ஒருவர் இறந்தால் மருத்துவர் நேரம் குறித்த பிறகு வேலை எங்களுடையது. குழாய்களை ஒவ்வொன்றாக எடுப்போம். கண்ணிமையை மூடி, தாடை தொங்காமல் துணிப்பட்டையால் கட்டுவோம். உடம்பு விறைப்பதற்குள் கைகால்களை நேராக்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் கசிந்திருந்தால் பஞ்சு வைத்து ஒட்டுவோம். பெயர்ச்சீட்டைக் கட்டிவிட்டு ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்ப்போம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் சிலர், இறந்தவரிடம் "கொஞ்சம் திருப்புறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவார்கள். சில வருடம் போனாலும் அந்தப் பழக்கம் விடாது, என்னையும் விடவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. டோங்-ஹோ பதிவேட்டில் எழுதும் பக்கங்களைப் படித்தபோது, இந்த எழுத்தாளருக்கு இது தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. அங்கே மூலையில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. அழகுபடுத்திய கால்விரல்கள் நாள் போகப்போக வீங்கிக் கறுக்கின்றன. பையன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அதைப் பார்க்கிறான், அவளுக்கும் மெழுகுவத்தி மாற்றிவைக்கிறான். எழுத்தில் எந்த ஒப்பாரியும் இல்லை. அடுத்து என்ன செய்யவேண்டுமோ அது மட்டும் வருகிறது.

அந்தப் பையனுக்கு ஒரு கேள்வி எழும். கொன்றது நாட்டின் ராணுவம், அப்படியிருக்க சவப்பெட்டிமேல் ஏன் தேசியக்கொடி போர்த்துகிறார்கள், ஏன் தேசிய கீதம் பாடுகிறார்கள்? யுன்-சூக் சொல்லும் பதில் எளிமையானது: கொன்றவர்கள் அதிகாரத்தைக் கைப்பற்றியவர்கள், அவர்களை எப்படி நாடு என்று சொல்வது? பையனுக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. வாசிக்கும் நமக்கும்தான். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு ஹான் காங் அடுத்த உடலுக்குப் போகிறார்.

பின்னணி தெரியாமல் படித்தால் குழம்பும் என்பதால் கொஞ்சம் வரலாறு. பதினெட்டு ஆண்டு நாட்டை ஆண்ட பார்க் சுங்-ஹீயை 1979 அக்டோபரில் அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். டிசம்பரில் சுன் டூ-ஹ்வான் என்ற தளபதி ராணுவத்தைக் கைக்குள் கொண்டுவந்தார். 1980 மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டத்தை நாடு முழுக்க விரித்தார்கள். மறுநாள் குவாங்ஜுவில் சொன்னம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள்மேல் வான்குடைப் படையினர் பாய்ந்தார்கள். தடி, துப்பாக்கிமுனைக் கத்தி. மே 21 மதியம் மாகாண அரசு அலுவலகத்துக்கு முன்னால் கூடியிருந்த கூட்டத்தைச் சுட்டார்கள். மக்கள் ஆயுதம் எடுக்க, ராணுவம் நகரத்துக்கு வெளியே பின்வாங்கியது. சில நாட்கள் நகரத்தை நகர மக்களே நடத்தினார்கள். மே 27 விடியுமுன் டாங்கிகளோடு ராணுவம் திரும்பி வந்தது. சுன் அதிபரானார், 1988 வரை இருந்தார். 1996இல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, மேல்முறையீட்டில் ஆயுளாகக் குறைந்தது, 1997 டிசம்பரில் மன்னிப்பும் கிடைத்தது. 2021இல் இறக்கும்வரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஹான் காங் 1970இல் பிறந்தது குவாங்ஜுவில். அப்பா ஹான் சுங்-வொன்னும் நாவலாசிரியர். 1980 ஜனவரியில், படுகொலைக்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்னால், குடும்பம் தலைநகர் சோலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவருக்குப் பன்னிரண்டு வயதில், வீட்டுப் புத்தக அலமாரியில் முதுகு தெரியாமல் திருப்பி வைத்திருந்த ஒரு புகைப்படப் புத்தகம் கண்ணில் பட்டது. பெரியவர்கள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தார். தடியாலும் கத்தியாலும் துப்பாக்கியாலும் கொல்லப்பட்டவர்களின் படங்கள். அதே புத்தகத்தில் இன்னொரு படம், காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை வாசலில் முடிவில்லாமல் நிற்கும் வரிசை. மனிதர் மனிதருக்கு இப்படியும் செய்வார்களா என்ற கேள்வி இரண்டு படங்களிலிருந்தும் வந்தது என்று 2024 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையில் அவர் சொன்னார்.

இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியம். ஒரு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்வது என்ன பாடு என்று மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். சொந்த உறவுக்காரர்களே "எனக்குத் தலை சுத்தும்", "நேத்துதான் காய்ச்சல் விட்டுச்சு" என்று நழுவுவார்கள். துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்த ஊரில், முன்பின் தெரியாதவர்களுக்காக அவ்வளவு பேர் வீட்டைவிட்டு வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவலை வன்முறை பற்றிய நாவல் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. இந்த நாவல் முழுக்க யாராவது யாருக்காவது கையால் ஏதோ செய்துகொண்டே இருக்கிறார்கள். துடைக்கிறார்கள், மூடுகிறார்கள், ஊட்டுகிறார்கள், தேடுகிறார்கள். வன்முறை அதற்கு எதிரே நிற்கிறது. ஹான் காங்கின் எல்லாப் புத்தகங்களிலும் இதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம். அன்பு இவருக்கு ஓர் உணர்ச்சியைக் காட்டிலும் கைவேலை.

ஏழு பகுதிகள். முதல் பகுதியில் டோங்-ஹோவை 'நீ' என்று கூப்பிட்டே கதை போகிறது. இரண்டாவதில் அவன் தேடிவந்த நண்பன் ஜியோங்-டே பேசுகிறான், அதுவும் இறந்தபின், அடுக்கிவைத்த உடல்களுக்குப் பக்கத்தில் ஆவியாக நின்றுகொண்டு. பிறகு 1985, 1990, 2002, 2010 என்று காலம் நகர்கிறது. அந்தக் கூடத்தில் இருந்து பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். கடைசியில் 2013இல் எழுத்தாளரே குவாங்ஜுவுக்குத் திரும்பிப் போகிறார்.

யுன்-சூக் பதிப்பகத்தில் வேலை பார்க்கும் மூன்றாம் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தலைமறைவாக இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று கேட்டு, விசாரணை செய்கிறவன் அவள் கன்னத்தில் ஏழு முறை அறைகிறான். ஒரு நாளைக்கு ஒன்று என்று அந்த அறைகளை மறந்துவிட அவள் முடிவெடுக்கிறாள். அந்தப் பகுதியே ஒன்றாம் அறை, இரண்டாம் அறை என்றுதான் பிரிந்திருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன நினைவு. படுகொலை முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மாகாண அலுவலகத்துக்கு எதிரே உள்ள நீரூற்றில் மறுபடி தண்ணீர் பாய்ச்சத் தொடங்கிவிடுகிறார்கள். பேருந்திலிருந்து அதைப் பார்த்த யுன்-சூக், ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் போய் அந்த அலுவலகத்தின் புகார்ப் பிரிவைக் கூப்பிட்டு, நீரூற்றை நிறுத்துங்கள் என்கிறாள். அதற்குள் எப்படித் தண்ணீர் விடலாம், தயவுசெய்து நிறுத்துங்கள். மறுபடி மறுபடி கூப்பிடுகிறாள். ஒரு நகரமே இறந்தவர்களுக்காக ஒரு மாதம்கூட நிற்கவில்லையே என்ற அவளுடைய கொதிப்பை இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குச் சாப்பிடுவதே வெட்கமாக இருக்கிறது. செத்தவர்களுக்கு இனிப் பசிக்காது, தனக்கு மட்டும் பசிக்கிறதே என்று. இறந்தவரின் வீட்டார் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பசியை நினைத்துக் கூசும் முகம் அது.

நான்காம் பகுதி சிறை. இதைப் படிக்கும்போது இடையிடையே புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது. விரல்களுக்கு இடையே சாதாரண பேனாவை நுழைத்துச் செய்யும் சித்திரவதை வருகிறது. அதையும் தாண்டி நெஞ்சைப் பிடித்தது சாப்பாட்டுத் தட்டு. இரண்டு கைதிகளுக்கு ஒரு தட்டு. கொஞ்சம் சோறு, கொஞ்சம் சூப், கொஞ்சம் கிம்ச்சி. எதிரே இருப்பவன் ஒரு வாய் கூடுதலாக எடுத்துவிடுவானோ என்று நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மனிதனை மிருகமாக்குவதற்குத் துப்பாக்கி தேவையில்லை, தட்டைப் பாதியாக்கினால் போதும் என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பகுதியைச் சொல்லும் கைதி இன்னொன்றையும் சொல்கிறார். சுட்டுக்கொல்லப்பட்ட பையன்கள் ஒரே நேர்கோட்டில் கிடக்கும் புகைப்படம் ஒன்று. சுட்டபிறகு யாரோ அடுக்கிவைத்ததாகத் தோன்றும். அப்படி இல்லை. சரணடையுங்கள், கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வாருங்கள் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பையன்கள் சொன்னபடியே வரிசையாக வந்தார்கள். வரிசையாகவே விழுந்தார்கள்.

அம்மா பேசும் ஆறாம் பகுதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முப்பது வருடம் கழித்தும் தெருவில் எதிர்ப்பட்ட ஒரு பையனின் நடையில் மகனைக் கண்டு பின்னாலேயே போகிறாள் ஒரு கிழவி. அது போதும்.

குறை இல்லாமல் இல்லை. ஆவி பேசும் இரண்டாம் பகுதி எனக்குச் சில இடங்களில் கவித்துவம் கூடிப்போனதாகத் தோன்றியது. முதல் பகுதியின் பதிவேட்டு மொழிக்குப் பிறகு, நிழல், மென்மை என்று வரும் அந்த வரிகள் என் கவனத்தைக் கொஞ்சம் தளர்த்தின. சியோன்-ஜு வரும் ஐந்தாம் பகுதி காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போடுவதால், யார் எப்போது பேசுகிறார்கள் என்று முதல் வாசிப்பில் பிடிபடாது. அவள் தொழிற்சங்கத்தில் இருந்த காலம், குவாங்ஜு, இப்போதைய அலுவலக இரவு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. சாட்சி சொல்லக் கையில் ஒலிப்பதிவுக் கருவி வந்தும் அவளால் பேச முடியவில்லை என்பதுதான் அந்தப் பகுதியின் மையம். ஆகவே அந்தக் குழப்பத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாசகருக்கு இன்னும் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

ஆங்கிலம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பயப்பட வேண்டாம். செய்தித்தாள் ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர்களுக்கு இது எட்டும். டெபோரா ஸ்மித்தின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் குட்டி வாக்கியங்கள், அகராதியைத் தேட வைக்கும் சொற்கள் அரிது. புத்தகத்தின் முன்னால் குவாங்ஜு நிகழ்வுகளை விளக்கி அவரே ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார். அதைத் தாண்டிக் குதிக்காமல் படித்துவிடுங்கள். சிரமம் பெயர்களில்தான். ஜியோங்-டே தம்பி, ஜியோங்-மி அக்கா. யுன்-சூக், சியோன்-ஜு, ஜின்-சூ மூவரும் பின்னால் தனித்தனிப் பகுதிகளில் திரும்ப வருவார்கள். யார் யார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், உதவியாக இருந்தது.

'தி வெஜிடேரியன்' மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு பெரிய விவாதமே நடந்தது. மூலத்தைவிட ஆங்கிலம் அலங்காரமாகிவிட்டது, பிழைகள் இருக்கின்றன என்று கொரியம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். எனக்குக் கொரியம் தெரியாது, எனவே இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. வாசிக்கும்போது ஆங்கிலம் எங்கும் இடறவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சரி, அந்த நாவலுக்கே வருவோம். யோங்-ஹே என்ற சாதாரண இல்லத்தரசி ஒரு கனவு கண்டபின் இறைச்சி சாப்பிடுவதை நிறுத்துகிறாள். குடும்பமே அவள்மேல் பாய்கிறது. அப்பா அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கிறார். முதல் பகுதியைக் கணவன் சொல்கிறான், இரண்டாவது அக்கா புருஷனைச் சுற்றி, மூன்றாவது அக்கா இன்-ஹேயைச் சுற்றி. உடம்பில் பூ வரையும் அந்த இரண்டாம் பகுதி என்னைக் கவரவில்லை. அந்த மனிதரின் வெறியை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாம் பகுதி வேறு உயரம். மனநல மருத்துவமனை. தான் மரமாகிக்கொண்டிருக்கிறேன், இனிச் சாப்பாடு வேண்டாம் என்று யோங்-ஹே எல்லாவற்றையும் மறுக்கிறாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஏற்றப் பார்க்கிறார்கள். நாங்கள் ரைல்ஸ் ட்யூப் என்போம். நோயாளி ஒத்துழைத்தால் விழுங்கச் சொல்லி விழுங்கச் சொல்லி மெதுவாக உள்ளே விடலாம். ஒத்துழைக்காத நோயாளிக்குப் போடுவது, கையைப் பிடிக்க இரண்டு பேர், தலையைப் பிடிக்க ஒருவர் என்று ஒரு மல்லுக்கட்டாகிவிடும். அந்த அறையில் நிற்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், உயிரைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள். ஆனால் பிடிக்கும் கை வலிக்கச் செய்யும் கையாகவும் ஆகிவிடுகிறது. ரத்தம் பீறிடும்போது இன்-ஹே அதை நிறுத்தச் சொல்லி உள்ளே பாய்கிறாள். அக்காளுக்கு உள்ள அந்த உரிமையை நான் மதிக்கிறேன். மருத்துவர் பக்கமும் நிற்க முடியவில்லை, எதிர்ப்பக்கமும் நிற்க முடியவில்லை. இவ்வளவு நேர்மையாக அந்த நிலைமையை எழுதியதற்காகவே இந்த நாவலை மதிக்கிறேன். 'ஹியூமன் ஆக்ட்ஸ்' படித்தபின் வந்தால், அப்பா அறையும் அந்த அறை வெறும் குடும்பச் சண்டையாகத் தெரியாது. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

'தி ஒயிட் புக்' நாவல் என்று சொல்ல முடியாது. வெள்ளை நிறப் பொருட்களைப் பற்றிய சின்னச் சின்னக் குறிப்புகள்: உப்பு, பனி, சோறு, குழந்தைச் சட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் பாதி காலியாக இருக்கும். அதன் அடியில் ஓடுவது ஹான் காங்குக்கு முன்னால் பிறந்து இரண்டு மணி நேரத்தில் இறந்துபோன அக்காவின் கதை. ஒதுக்குப்புறமான வீட்டில் அம்மா தனியாக இருக்கும்போது குறைமாதத்தில் வலி வந்துவிடுகிறது. தண்ணீர் கொதிக்கவைத்து, கத்தரிக்கோலைச் சுத்தம் செய்து, வலிக்கு நடுவே வெள்ளைத் துணியில் சின்னச் சட்டை தைத்து, தானே பெற்று, தானே கொடியை அறுத்து, அந்தச் சட்டையைப் போட்டுவிடுகிறாள். செத்துப்போகாதே, செத்துப்போகாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்கள் இந்தச் சில பக்கங்களை ஒரே மூச்சில் படிக்க முடியாது. அந்தச் சட்டை பிறந்த உடுப்பாகவும் கடைசி உடுப்பாகவும் ஆகிவிடுகிறது.

'கிரீக் லெசன்ஸ்' எனக்கு ஒட்டவில்லை. பேச்சை இழந்த ஒரு பெண், பார்வையை இழந்துகொண்டிருக்கும் ஓர் ஆசிரியர், கிரேக்க வகுப்பு. அழகான புத்தகம். ஆனால் மற்ற நாவல்களில் என்னைப் பிடித்துவைத்த அந்தக் கைவேலை இதில் குறைவு.

கடைசியாக, 'வி டூ நாட் பார்ட்'. கொரியத்தில் 2021, ஆங்கிலத்தில் 2025. மொழிபெயர்த்தவர்கள் இ. யேவோன், பேஜ் அனியா மோரிஸ். இந்த முறை ஜேஜு தீவு. 1948 ஏப்ரல் 3இல் தொடங்கிய கிளர்ச்சியை ஒடுக்குகிறோம் என்று சுமார் 30,000 பேரைக் கொன்றார்கள். தீவின் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவே முடியாமல் இருந்தது. ஒரு படுகொலையைப் பற்றி நாவல் எழுதியபின் கெட்ட கனவுகளால் தூங்க முடியாமல் தவிக்கும் எழுத்தாளர் கியோங்-ஹாதான் கதைசொல்லி. அவளுடைய தோழி இன்-சன் மரவேலை செய்யும்போது இயந்திரத்தில் விரல் நுனிகளை இழக்கிறாள். சோல் மருத்துவமனையில் தைத்து ஒட்டவைக்கிறார்கள். ஒட்டிய விரலில் ரத்தம் கட்டக்கூடாது. அதற்காக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், காயத்தில் ஊசியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். கூட இருந்து கவனிக்கும் பெண் ஊசியைச் சுத்தம் செய்வாள், குத்துவாள், மறுபடி ஊசியை எடுப்பாள். ஒட்டவைத்த விரலில் ரத்தம் தேங்கினால் வெளியேற்றுவது உண்மையிலேயே உள்ள சிகிச்சைமுறைதான். வலி நின்றால் விரல் செத்துவிடும். எழுபது வருடத்துக்கு முந்தைய படுகொலையை ஏன் இன்னும் கிளறுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம், ஹான் காங்கும் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை.

அந்த நாவலின் பின்பாதி, பனிப்புயலில் தோழியின் பறவையைக் காப்பாற்ற ஜேஜுவுக்குப் போகும் பயணத்திலிருந்து, உயிரோடு இருப்பவர் யார் ஆவி யார் என்று தெரியாமல் போகும். தூக்கம் கெட்டு இரவு வேலை பார்த்துவிட்டுப் படித்தால் தலை சுற்றும், பகலில் படியுங்கள்.

'ஹியூமன் ஆக்ட்ஸ்' கொரியத்தில் வந்தது 2014. அப்போது அதிபர் பார்க் குன்-ஹே, பார்க் சுங்-ஹீயின் மகள். அரசு ஆதரவு தரக்கூடாதவர்கள் என்று ரகசியமாகத் தயாரித்த கலைஞர் பட்டியலில் ஹான் காங்கின் பெயரும் இருந்தது பின்னால் தெரியவந்தது. 2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய அதிபர் யூன் சுக்-யோல் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்தார். பொதுமக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடிவந்து சிப்பாய்களை மறித்தார்கள், உறுப்பினர்கள் உள்ளே போய் வாக்களித்துச் சில மணி நேரத்தில் அதை ரத்து செய்தார்கள். ஹான் காங் நோபல் வாங்க ஸ்டாக்ஹோம் போயிருந்தது அதே வாரம். இறந்தவர்கள் உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று அவர் அந்த உரையில் கேட்டார். குவாங்ஜுவை மறக்காத மக்கள்தான் அந்த இரவில் வாசலில் நின்றார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆக என் வரிசை இது: 'ஹியூமன் ஆக்ட்ஸ்', 'தி வெஜிடேரியன்', 'வி டூ நாட் பார்ட்'. 'தி ஒயிட் புக்' எப்போது வேண்டுமானாலும். வீட்டில் அண்மையில் யாரையாவது இழந்திருந்தால் முதல் புத்தகத்தைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள், அந்த உடற்பயிற்சிக் கூடம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. குறைப்பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவர்களிடம் 'தி ஒயிட் புக்'கை நீட்டாதீர்கள். அவர்களாகக் கேட்டால் கொடுங்கள். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு 'ஹியூமன் ஆக்ட்ஸ்' முதல் அத்தியாயத்தை மட்டுமாவது வாசிக்கக் கொடுக்கிறேன். தோழியின் பிரதி கிழிய ஆரம்பித்துவிட்டதால் இப்போது இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.